நாற்பத்தேழாம் எண் வீடுகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்து என்று வழங்கும் பிரதேசத்திலும் அதை அடுத்த நியூயார்க் மாகாணத்தின் மலையடிவார ஊர்களிலும், ஒரு கித்தாரைத் தவிர வேறு பக்கவாத்தியம் இல்லாமல், தாமே எழுதிய சாகித்தியத்துக்குத் தாமே மெட்டமைத்துத் தாமே பாடுகிற வாக்கேயகாரர்களின் பரம்பரை ஒன்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறுபடாமல் நடந்து வருகிறது. அந்தப் பரம்பரையின் இன்றைய வாரிசுகளை ‘இண்டி ஃபோக்’ பாடகர்கள் என்று பத்திரிகைகள் குறிப்பிடுகின்றன. பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளின் தயவை எதிர்பாராமல், படுக்கையறையிலோ சமையலறையிலோ சொந்தச் செலவில் பதிவு செய்து, சிறு நிறுவனங்களின் வழியாக உலகத்துக்கு அனுப்பி வைக்கிறவர்கள் இவர்கள். பல ஆண்டுகளாகச் செவிக்குள் செருகிய கருவியின் மூலமாகவே கேட்டு வந்த இந்தக் குரல்களை, அவை புறப்படுகிற இடத்துக்கே போய், பாடுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு கோடைக்காலத்தில் நிறைவேறியது. கேம்பிரிட்ஜில் தொடங்கிய அந்த யாத்திரை நார்த்தாம்ப்டன், சாரடோகா ஸ்பிரிங்ஸ் ஆகிய ஊர்களின் வழியாகச் சென்று நியூபோர்ட் கடற்கரையில் முடிந்தது.

கேம்பிரிட்ஜில் ஹார்வர்ட் சதுக்கத்துக்குப் போகிறவர்கள் சாதாரணமாகப் பார்க்க விரும்புவது அங்குள்ள சர்வகலாசாலையின் செங்கல் கட்டடங்களையும் புத்தகக் கடைகளையும்தான். நான் தேடிச் சென்றதோ சதுக்கத்தின் பின்புறத்தில், பெரிய புத்தகக் கடை ஒன்றின் முதுகுப் பக்கமாக ஓடும் பாமர் தெரு என்ற சந்து. அங்கே 47-ஆம் எண்ணுள்ள கட்டடத்தில், படிகளில் இறங்கித் தரைமட்டத்துக்குக் கீழே போனால், சுமார் 100 பேர் நெருக்கியடித்து உட்காரக்கூடிய ஒரு கூடம் இருக்கிறது. அதற்கு இப்போது ‘கிளப் பாசிம்’ என்று பெயர். 1958-ஆம் ஆண்டில், அருகிலுள்ள மவுண்ட் ஆபர்ன் தெருவின் 47-ஆம் எண் வீட்டில், இரண்டு இளம் பெண்கள் சேர்ந்து ஜாஸ் சங்கீதத்துக்கென்று திறந்த காப்பிக் கடைதான் இதன் பூர்வாசிரமம். வீட்டு எண்ணையே பெயராகச் சூட்டிக்கொண்டு ‘கிளப் 47’ என்று விளங்கிய அந்தக் கடையில், அதே ஆண்டில், பதினெட்டு வயது கூட நிரம்பாத ஜோன் பாயஸ் முதன்முதலாகப் பாடினாள். அன்று கேட்க வந்தவர்கள் சொற்பம். அவர்களிலும் பெற்றோர், தங்கை, நண்பர்கள் ஆகியோரைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது அநேகமாக நாற்காலிகளே. ஆனால் அடுத்த கோடைக்குள் அவள் பெயர் நாடு முழுவதும் தெரிந்துபோயிற்று. கிளப் 1963-இல் பாமர் தெருவுக்குக் குடிபெயர்ந்தது. கேட்பவர்களின் ருசி மின்சாரக் கித்தாரை நாடத் தொடங்கிய பிறகு, 1968-இல் கதவைச் சாத்திக்கொண்டது. மறு ஆண்டிலேயே அந்த இடத்தில் வாழ்த்து அட்டைகளும் பரிசுப் பொருள்களும் விற்கும் கடை ஒன்று வந்தது. அதை நடத்திய பாப் டான்லின், ரே ஆன் டான்லின் தம்பதியர் சில காலத்துக்குள் மறுபடியும் மேடை போட்டுப் பாடகர்களை அழைத்தார்கள். இப்போது அது லாப நோக்கம் இல்லாத தர்ம ஸ்தாபனமாக நடக்கிறது.

நான் போன இரவில் பாடியவள் ஓர் இளம் பெண். அவளுடைய பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை, கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். முன்வரிசை மேஜை கிடைத்தபடியால் அவளுடைய விரல்களைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. வலது கையின் மூன்று விரல்களில் மட்டும் நீளமான செயற்கை நகங்கள் ஒட்டியிருந்தன. இடது கை நகங்களோ ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. கித்தாரின் மேற்பலகையில், துளைக்குச் சற்றுக் கீழே, பல்லாண்டுகளாக நகம் உராய்ந்து வார்னிஷ் தேய்ந்து, வெறும் மரம் வெளுத்துத் தெரிந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், கழுத்தில் பூட்டியிருந்த கேப்போ என்ற கவ்வியைக் கழற்றி இரண்டு கட்டை மேலேயோ கீழேயோ மாட்டி, ஓரிரண்டு தந்திகளைத் தளர்த்தி, தலைப்பகுதியில் கவ்வவைத்திருந்த பொத்தான் அளவுக் கருவியில் பச்சை விளக்கு எரிகிற வரையில் முறுக்காணியைத் திருகுவாள். அந்த இடைவேளையை நிரப்புவதற்காகவே பேச்சு. முந்திய ஊரில் கார் பழுதான கதை, பாட்டி வளர்த்த கோழிகளின் கதை, அடுத்த பாட்டு பிறந்த காரணம் எல்லாம் அப்போதுதான் வரும். இந்தப் பேச்சையும் கச்சேரியின் ஓர் அங்கமாகவே ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள். பாட்டில் ஒரு சொல் கூட வீணாகாமல் செதுக்கிவைக்கிற இவர்கள், பேச்சில் மட்டும் தடுமாறுவதும் நிறுத்துவதும் வேண்டுமென்றே செய்வதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பாட்டு தொடங்கிவிட்டால் கூடத்தில் நிலவுகிற நிசப்தத்தை என்ன சொல்லுவது! தலையை ஆட்டியும், தொடையில் தாளம் போட்டும், நல்ல இடத்தில் ‘பலே’ என்று வாய்விட்டும் சங்கீதம் கேட்டுப் பழகிய எனக்கு, முதல் அரை மணி நேரம் அது கொஞ்சம் மூச்சுமுட்டுகிற அனுபவமாகவே இருந்தது. பரிமாறுகிற பையன் தட்டைக் கூட ஓசைப்படாமல் வைக்கிறான். போகப் போகத்தான் காரணம் விளங்கிற்று. இந்தச் சங்கீதத்தில் ராக விஸ்தாரம் கிடையாது, சுரப் பிரஸ்தாரம் கிடையாது. மெட்டு பெரும்பாலும் மூன்று நான்கு சுரக்கோவைகளுக்குள் அடங்கிவிடும். எல்லாப் பாரமும் சாகித்தியத்தின் மேல் இருக்கிறது. மூன்றாவது சரணத்தில் வருகிற ஒரு பெயர்ச்சொல் காதில் விழாமல் போனால், முதல் இரண்டு சரணங்களும் சேர்ந்தே வியர்த்தமாகிவிடும். ஆகவே, நிசப்தம் இங்கே மரியாதைக்காக அனுசரிப்பது என்பதைவிட, பாட்டு நடப்பதற்கு அவசியமான ஒரு பக்கவாத்தியம் என்றே கொள்ள வேண்டும்.

கூடத்தை விட்டு மேலே ஏறி வந்தால், சதுக்கத்தில் கித்தார்ப் பெட்டியைத் திறந்து எதிரே வைத்துக்கொண்டு பாடுகிறவர்களைக் காணலாம். டிரேசி சாப்மன் என்ற கறுப்பினப் பெண், அண்டையிலுள்ள டஃப்ட்ஸ் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த நாட்களில், இந்தச் சதுக்கத்திலும் சுரங்க ரயில் நிலையத்திலும் இப்படி நின்று பாடியவர்தான். 1988-இல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், லண்டன் வெம்பிளி மைதானத்தில் நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்த நாளுக்காக நடந்த மகா சங்கீத விழாவில், தனியாக ஒரு கித்தாருடன் நின்று பாடி உலகப் பிரசித்தி அடைந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2023-இல், லூக் கோம்ப்ஸ் என்ற கன்ட்ரி பாடகர் அவருடைய ‘ஃபாஸ்ட் கார்’ என்ற பாட்டை எடுத்துப் பாடியபோது, அது மீண்டும் நாடெங்கும் ஒலித்தது. சந்தைக்கென்று செய்த பாட்டுகளில் எத்தனை அப்படி மறுபிறவி எடுக்கின்றன?

கேம்பிரிட்ஜிலிருந்து மேற்கே, கனெக்டிகட் நதியின் பள்ளத்தாக்கில் இருக்கிறது நார்த்தாம்ப்டன். ஸ்மித் கல்லூரி என்ற புகழ்பெற்ற மகளிர் கலாசாலை உள்ள ஊர் இது. தெருவுக்கு ஒரு காப்பிக் கடை, கடைக்கு ஒரு கவி. 1979-இல் இங்கே தொடங்கிய ‘அயர்ன் ஹார்ஸ்’ என்ற சங்கீதக் கூடம் தொற்றுநோய்க் காலத்தில் மூடிக் கிடந்து, உள்ளூர் தர்ம ஸ்தாபனம் ஒன்றின் முயற்சியால் 2024-இல் மறுபடியும் திறந்தது. ஆனால் என் நினைவில் நிற்பது அந்தக் கூடம் அன்று. நண்பர் ஒருவர் அழைத்துச் சென்ற வீட்டுக் கச்சேரிதான். ‘ஹவுஸ் கன்சர்ட்’ என்று சொல்லுகிறார்கள். வீட்டுக்காரர் தம் கூடத்திலுள்ள சோபாக்களைச் சுவரோரம் தள்ளி, மடக்கு நாற்காலிகளைப் போட்டு, அக்கம்பக்கத்தாரை அழைக்கிறார்; வருகிறவர்கள் ஆளுக்கொரு பண்டமாகச் சமைத்து எடுத்து வருகிறார்கள். டிக்கெட் கிடையாது. வாசலில் ஒரு பிரம்புக் கூடை. இவ்வளவு போட்டால் நலம் என்று ஒரு தொகை எழுதிய அட்டை. விழுகிற பணம் முழுவதும் பாடகருக்கே. இரவு தங்குவதற்கு அந்த வீட்டிலேயே ஓர் அறை. ஒலிபெருக்கி இல்லாமல், பத்தடி தூரத்தில், தரைவிரிப்பில் கால் பதித்து ஒரு நடுவயதுக்காரர் பாடினார். நடுப்பாட்டில் வீட்டு நாய் எழுந்து போய் அவர் காலடியில் படுத்துக்கொண்டதை யாரும் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் உட்பட.

இந்த இரவுகளில் ஒரு குறையும் எனக்குத் தென்பட்டது. அதை மறைப்பது ரசிக தர்மம் ஆகாது. இன்றைய இளம் பாடகர்களில் பலர் ரகசியம் பேசுகிற தொனியிலேயே ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பாடுகிறார்கள். இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. சாம் பீம் என்பவர் ‘அயர்ன் அண்ட் வைன்’ என்ற புனைபெயரில் வீட்டில் நாலு தடப் பதிவுக் கருவியில் மெல்லிய குரலில் பாடிப் பதிந்தவை 2002-இல் இசைத்தட்டாக வந்து பெயர் பெற்றன. ஜஸ்டின் வெர்னன் என்பவர் 2006-ஆம் ஆண்டு இறுதியில், விஸ்கான்சின் மாகாணத்துக் காட்டில் தம் தகப்பனாருக்குச் சொந்தமான வேட்டைக் குடிசையில் குளிர்காலம் முழுவதும் தனித்திருந்து, ‘போன் இவேர்’ என்ற பெயரில் முதல் தொகுதியைச் செய்தார். அவ்விருவருக்கும் அந்தத் தொனி சூழ்நிலையில் விளைந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அது ஓர் அலங்காரமாகிவிட்டது. பன்னிரண்டு பாட்டுகளும் ஒரே காலப்பிரமாணத்தில், ஒரே துயரத்தில், முறிந்துபோன ஒரே காதலைச் சுற்றிச் சுற்றி வந்தால், எவ்வளவு நல்ல சாகித்தியமானாலும் கேட்பவன் கண் கடிகாரத்தை நாடத்தான் செய்யும்.

சாரடோகா ஸ்பிரிங்ஸ் வேறு விதமான ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் செல்வந்தர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கே வந்து தாது ஊற்றுக்களின் நீரைக் குடித்தார்கள். பொழுதுபோகாமல் 1863 முதல் குதிரைப் பந்தயமும் நடத்தினார்கள். இரண்டும் இன்றுவரை நடக்கின்றன. தெருவோரத்து ஊற்றில் உள்ளூர்க்காரர்கள் குடம் குடமாகப் பிடித்துப் போவதைக் கண்டு நானும் ஒரு கை அள்ளிக் குடித்தேன். உப்பும் இரும்பும் கலந்து, சோடாவைப் போல் நாக்கில் சுரீரென்ற அந்த நீர் எந்த வியாதியைத் தீர்க்குமோ அறியேன்; மறுபடியும் குடிக்கத் தோன்றவில்லை.

பந்தயக்காரர்களின் ஆரவாரத்திலிருந்து சற்று விலகி, ஃபிலா தெருவில், அதிசயம்போல் இங்கேயும் 47-ஆம் எண் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது ‘கஃபே லீனா’. 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் பில் ஸ்பென்சர் என்ற சிற்பியும் அவர் மனைவி லீனாவும் சேர்ந்து இதைத் திறந்தார்கள். சில ஆண்டுகள் நடத்திப் பணம் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்ச் சுகமாக வாழ்வது என்பது அவர்களுடைய திட்டம். பணமும் சேரவில்லை, கப்பலும் ஏறவில்லை. ஓரிரண்டு ஆண்டுகளில் கணவர் பிரிந்து சென்றார். லீனா மட்டும் கடையை விடாமல் பிடித்துக்கொண்டார். வாடகை பாக்கியும் மின்கட்டணப் பாக்கியும் துரத்த, வருகிற பாடகர்களுக்குத் தம் கையால் சமைத்துப்போட்டு, தங்க இடமும் கொடுத்து, 1989-இல் இறக்கும் வரையில் அதை நடத்தினார். அந்த மாடிப்படியில் தவறி விழுந்ததே அவர் மரணத்துக்குக் காரணமாயிற்று. அதன் பிறகு ஊரார் கூடித் தர்ம ஸ்தாபனமாக்கிக் காப்பாற்றினார்கள். 2016-இல் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். அமெரிக்காவில் இடைவிடாமல் நெடுங்காலம் நடந்துவருகிற நாட்டுப்பாடல் காப்பிக் கடை என்ற பெருமை இதற்கு உண்டு.

1961-இல் இருபது வயது பாப் டிலன் இங்கே பாட வந்தபோது, கூட்டத்தார் அவரைக் கவனியாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்களாம். பில் ஸ்பென்சர் மேடையேறி, அந்தப் பையன் ஏதோ சொல்ல வந்திருக்கிறான், வாயை மூடிக்கொண்டு கேளுங்கள் என்ற பொருளில் அவர்களைக் கண்டித்தாராம். நிசப்தம் இந்தக் கூடங்களுக்கு வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. யாரோ ஒருவர் எழுந்து நின்று திட்டித்தான் ஏற்படுத்த வேண்டியிருந்தது. மறு ஆண்டில் டிலன் மீண்டும் வந்து பாடினார்.

அன்றிரவு லீனாவின் மேடையில் பாடிய இளைஞர், கட்டைவிரல் அடித்தந்திகளில் மாறி மாறித் தாளம் வைக்க, மற்ற விரல்கள் மேல் தந்திகளில் மெட்டை எடுக்கும் பாணியில் வாசித்தார். இந்தப் பாணியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எலிசபெத் காட்டன் அம்மையாரின் ஞாபகம் வரும். 1893-இல் வட கரோலினாவில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த அவர் இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்கான கித்தாரைத் தந்திகளை மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தபடியால், அவருக்குக் கட்டைவிரலே மெட்டை எடுத்தது. சிறுமியாக இருந்தபோது ‘ஃபிரைட் டிரெய்ன்’ என்ற பாட்டைச் செய்தார். பிறகு கித்தாரைப் பல பத்தாண்டுகள் தொடவேயில்லை. வாஷிங்டனில் கடையொன்றில் வேலை பார்க்கையில், கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு குழந்தையைத் தாயிடம் சேர்த்தார்; அந்தக் குழந்தை பெகி சீகர், அந்தக் குடும்பம் சங்கீத உலகில் பேர் பெற்ற சீகர் குடும்பம். அவர்கள் வீட்டில் வேலைக்கு அமர்ந்தவர், சுவரில் தொங்கிய கித்தாரை ஒரு நாள் எடுத்து வாசிக்க, வீட்டார் திகைத்துப்போனார்கள். பிறகு அவருடைய பாட்டுக்கு வேறு சிலர் இங்கிலாந்தில் பதிப்புரிமை பதிந்துகொண்டதும் நடந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த பின் அவருக்குக் கிராமி விருது வந்தது. இன்று இந்தக் கூடங்களில் பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் பெரும்பாலும் வெள்ளையராக இருக்கிறார்கள். லீனாவில் அன்று நரைத்த தலைகளே அதிகம். விரல் பாணியைக் கொடுத்தவர்களின் சந்ததியார் கூடத்தில் இவ்வளவு குறைவாக இருப்பது என் கண்ணை உறுத்தியது.

நியூபோர்ட் தீவு நகரம். வாண்டர்பில்ட் குடும்பத்தார் 1895-இல் கட்டி முடித்த எழுபது அறை மாளிகையைப் போன்ற கோடைக்கால அரண்மனைகள் வரிசையாக நிற்கும் ஊர். ஏழைத் தொழிலாளியின் பாட்டுக்கு இவ்வளவு பணக்கார ஊர் தலைநகராக வாய்த்தது ஒரு வேடிக்கைதான். ஜார்ஜ் வெயின் என்பவர் 1959-இல் தொடங்கிய நாட்டுப்பாடல் விழா, 1985 முதல் ஆடம்ஸ் கோட்டையில் நடக்கிறது. மூன்று பக்கமும் கடல், நடுவே கருங்கல் மதில்கள், உள்ளேயும் வெளியேயும் மேடைகள், நாளொன்றுக்குச் சுமார் 10,000 ஜனங்கள். யார் பாடப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வருவதற்கு முன்பே டிக்கெட்டுகள் தீர்ந்துவிடுகின்றன. கிடைக்காதவர்கள் படகுகளிலும் தோணிகளிலும் வந்து, மதிலுக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி, மிதந்தபடியே இலவசமாகக் கேட்கிறார்கள். அவர்களை யாரும் விரட்டுவதில்லை.

1963 முதல் சில ஆண்டுகள், எவ்வளவு பேர்பெற்றவரானாலும் மலைக்கிராமத்திலிருந்து வந்த முதியவரானாலும், பாடகர் ஒவ்வொருவருக்கும் 50 டாலரும் வழிச்செலவுமே தருவது என்று இந்த விழாவில் ஒரு நியதி இருந்தது. அதை விதித்தவர்களை நமஸ்கரிக்கத் தோன்றுகிறது. 1965 ஜூலை 25-ஆம் தேதி டிலன் மின்சாரக் கித்தாருடன் மேடையேறிக் கூச்சலைக் கிளப்பிய கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 2022 ஜூலை 24-ஆம் தேதி நடந்தது. பாடகி ஜோனி மிட்செலுக்கு ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு இடது கை பலவீனப்பட்டது. வழக்கமான சுருதியில் விரல் பதிக்க இயலாமல், தந்திகளைத் தம் கைக்கு ஏற்றபடி விதவிதமாகச் சேர்த்துக்கொண்டு, அதனாலேயே எவரும் கேட்டிராத சுரக்கோவைகளைப் படைத்தார். 2015-இல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததால், பேசவும் நடக்கவும் மறுபடியும் கற்றார். விரல் வைக்கும் இடங்களைத் தம் பழைய நிகழ்ச்சிப் படங்களைப் பார்த்துத் தாமே திரும்பப் படித்துக்கொண்டார். அன்று, எழுபத்தெட்டாம் வயதில், முன்னறிவிப்பின்றி மேடைக்கு வந்து, பிராண்டி கார்லைல் முதலிய இளையவர்கள் சூழ உட்கார்ந்து பாடினார், கித்தாரும் வாசித்தார். நியூபோர்ட்டில் அவர் அதற்கு முன் பாடியது 1969-இல். நான் போன ஆண்டிலும் அந்த மேடையைச் சுட்டிக்காட்டி அதைப் பற்றியே ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கோட்டைக்குள் நான் கேட்ட பாடகர்களில் ஒருத்தி, பாசிமின் நிலவறையில் பாடியிருந்தால் மூச்சடைக்க வைத்திருக்கக்கூடிய ஒரு பாட்டை, பக்கத்து மேடையின் முரசொலி காற்றில் வந்து மோத, கடலையும் படகுகளையும் பார்த்துப் பாடினாள். கைதட்டல் பலமாக எழுந்தது. சொற்கள் பாதிதான் என்னிடம் வந்து சேர்ந்தன. விழா இந்தக் கலைக்கு உற்சவம். மூலஸ்தானம் அந்தச் சிறு கூடங்களே என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, அந்தப் பக்கம் போகிற தமிழன்பர்கள் நியூபோர்ட்டுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். பெயர் தெரியாத ஒருவர் பாடும் இரவாகப் பார்த்து லீனாவின் மாடிக்கோ பாசிமின் நிலவறைக்கோ போங்கள். சற்று முன்னதாகப் போனால் மேடையருகில் மேஜை கிடைக்கும். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். முடிந்ததும் பாடினவரே வாசலில் ஒரு சிறு மேஜை போட்டுத் தம் இசைத்தட்டுகளை விற்றுக்கொண்டிருப்பார். கைப்பேசி வழியாகக் கேட்பதால் அவருக்குக் கிடைப்பது சில்லறைதான். அடுத்த ஊருக்குப் போகும் பெட்ரோல் செலவு பெரும்பாலும் அந்த மேஜையிலிருந்துதான் வருகிறது. ஒன்றாவது வாங்கிக்கொள்ளுங்கள்.